கதவைத் தட்டிய பிறகே எழுதியவள்

மேடையின் நடுவில் மணியைக் கையில் பிடித்தபடி வீற்றிருக்கும், நமது பயண வழிகாட்டி நூலாசிரியர் சங்கத்தின் தலைவி மிங்கா அம்மையார் அவர்களே! அவருக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக அமர்ந்திருக்கும் பதிப்பக இயக்குநர் சோலோவ் அவர்களே! முன்வரிசையில், போனவர்களுக்காக ஆளுக்கொரு பிடி பகிரும் வேகவைத்த கோதுமைக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் என் அக்காவின் மருமகன் ஸ்தாமென் அவர்களே! பிளோவ்திவ் நகரத்து வாசகர் மன்றத்தின் இந்த மண்டபம் இவ்வளவு கூட்டத்தை இதற்குமுன் கண்டதில்லை என்று நான் அடித்துச் சொல்லுவேன்! வெளியே படிக்கட்டில் நிற்பவர்களே, உங்களுக்கும் என் வணக்கம்!

என்ன மிங்கா? படிக்கட்டில் யாரும் இல்லையா? வருவார்கள். நான் பேச ஆரம்பித்தது ஊருக்குத் தெரிய வேண்டாமா?

அவையோரே! இன்று நாற்பதாம் நாள். என் அக்கா மகள் நெவியானா கராஜோவா, ரோடோப்பி மலைகளைப் பற்றி இந்த நாட்டில் எழுதப்பட்ட ஒரே உண்மையான வழிகாட்டி நூலின் ஆசிரியை, ஆறு பதிப்புகளைத் தன் காலால் நடந்து எழுதியவள், நம்மை விட்டுப் போய் இன்று நாற்பது நாள். கடவுள் அவளை மன்னிக்கட்டும். மன்னிப்பதற்கு அவளிடம் என்ன குற்றம் இருந்தது என்று கேட்கிறீர்களா? ஒன்றே ஒன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அழுவதற்கு நான் வரவில்லை. அழுகையை நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே முடித்துவிட்டேன். இன்று இந்த மேடையில் ஒரு காரியம் நடந்தாக வேண்டும். அது நடக்காமல் நான் ஒலிவாங்கியை விடமாட்டேன். மணியை அடித்துக்கொள் மிங்கா, கவலையில்லை.

என்ன காரியம்? ஏழாம் பதிப்பு! நெவியானா நோயில் படுத்தபோது அந்தப் பதிப்பில் ஓர் அத்தியாயம் மட்டும் பாக்கி. மேல் ஆர்தா பள்ளத்தாக்கு. மற்றதெல்லாம் நடந்து முடித்துவிட்டாள். அந்த ஓர் அத்தியாயத்தை அலுவலக மேசையிலேயே உட்கார்ந்து, ஊர்பேர் தெரியாதவர்கள் செல்போனில் போட்டுவைத்த குறிப்புகளை ஒட்டி முடித்துவிடலாம், அட்டையில் நெவியானாவின் பெயரே இருக்கட்டும் என்று இயக்குநர் ஐயா நினைக்கிறார். நல்ல மனிதர். அச்சகம் காத்திருக்கிறது, அவருக்கும் நெருக்கடி. ஆனால் நான் கேட்கிறேன்: யாரும் போய்ப் பார்க்காத ஓர் ஊரைப் பற்றி நெவியானா கராஜோவா என்ற பெயர் சாட்சி சொல்லலாமா? சொல்லலாமா அவையோரே?

இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் அவள் யார் என்று தெரிய வேண்டும்.

நம்மில் யார் இந்தத் தொழிலுக்கென்று படித்துவிட்டு வந்தோம்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஒருவரும் இல்லை! மிங்கா பல் மருத்துவர். வாயைத் திற என்று சொல்லிச் சொல்லி அலுத்து, குகைகளைப் பற்றி எழுத வந்தவர். அங்கேயும் இருட்டு, அங்கேயும் சொட்டுகிறது. அதோ தூணுக்குப் பக்கத்தில் இருக்கும் கோஸ்தாடின், இசை நாடக அரங்கில் பாடகர்களுக்கு மறந்துபோன வரியைத் திரைக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தவன். இன்று கடற்கரை முழுவதையும் எழுதுகிறான். நான்? நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடைகொடுத்தவன். பள்ளிக்கூடம்தான் அழுதது. அதன் பிறகு முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். இந்த நாட்டில் எந்த பஸ்ஸும் எந்த வளைவிலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் திரும்பும். நெவியானாவின் நூலில் 'போய்ச் சேரும் வழி' என்ற பகுதி முழுவதும் என் கைவண்ணம். எழுத்துப்பிழை திருத்தியது மட்டும் அவள்.

நெவியானா எங்கிருந்து வந்தாள்? ரயில் நிலையத்திலிருந்து! பிளோவ்திவ் நிலையத்தில் விசாரணைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அங்கே போகணுமா, இந்த வண்டி. இங்கே போகணுமா, அந்த நடைமேடை. நாள் முழுக்க இதே. ஒருநாள் ஒரு பெரியம்மா கண்ணாடியில் மூக்கை வைத்துக் கேட்டிருக்கிறாள்: "ஏம்மா, நீ சொல்ற ஊரு நல்லாருக்குமா?"

"தெரியாதும்மா. நான் போனதில்ல."

"போகாமலேதான் எல்லாரையும் அனுப்பிட்டிருக்கியா?"

அவ்வளவுதான்! அந்த நொடியே எழுந்தாள். கண்ணாடியின் மரப்பலகையை இழுத்துச் சாத்தினாள். நிலையத்தின் சாவிக்கொத்து சட்டைப்பையில் கிடக்க, மலைக்குப் போகும் சின்ன ரயிலில் ஏறி உட்கார்ந்தாள். அன்று மாலைவரை பிளோவ்திவிலிருந்து வேறு ஒரு வண்டி கிளம்பவில்லை!

ஸ்தாமென் கையை ஆட்டுகிறான். என்னப்பா? "அவ முறையா எழுதிக்கொடுத்துட்டு லீவு எடுத்தா மாமா." சரி, லீவு எடுத்தாள். ஆனால் திரும்பிப் போனாளா? போகவில்லை அல்லவா? அதைத்தானே சொல்லுகிறேன்!

நம் தொழிலைப் பற்றி ஊரில் என்ன பேசுகிறார்கள்? நெவியானாவிடம் பக்கத்து வீட்டுக்காரி சொல்லுவாள்: "ஒங்களுக்கென்னம்மா, வருஷம் முழுக்க சுற்றுலா, அதுக்குச் சம்பளம் வேற." சுற்றுலாவா? மழையில் பஸ் நிலையத்துத் தகரக் கூரைக்குக் கீழே நின்று, பாதி கிழிந்த நேர அட்டவணையைப் படித்துக்கொண்டிருப்பதா சுற்றுலா? ஊர் ஊராகக் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் விழுகிறதா என்று போட்டுப் பார்ப்பதா சுற்றுலா? விடுதி விடுதியாகக் கட்டிலை அமுக்கிப் பார்த்து, தலையணையை மோந்து பார்த்து, குழாயைத் திறந்து வெந்நீர் வரும்வரை கையை நீட்டிக்கொண்டு நிற்பதா சுற்றுலா? கல்யாணம் முடிந்து தேனிலவுக்குப் போன இடத்தில் மாப்பிள்ளை உட்காருவதற்கு முன்னால் மெத்தையைத் திருப்பிப்போட்டு அடிப்பக்கம் பார்த்தவள் நெவியானா! ஸ்தாமென் இப்போது கையை ஆட்டவில்லை பாருங்கள். அது உண்மை!

சாப்பாட்டுக்கு வருவோம். ஒரு சின்ன ஊரில் ஒரு மாலைப்பொழுதுக்குள் எல்லா உணவகத்தையும் ருசி பார்த்தாக வேண்டும். யாரென்று சொல்லக் கூடாது. சொன்னால் சமையல்காரன் தனியாகச் சமைத்துவிடுவான். ஆகவே முதல் கடையில் சூப்பு மட்டும். அடுத்ததில் உருளைக்கிழங்குப் படாட்னிக் ஒரு துண்டு. அதற்கடுத்ததில் வறுத்த ஆட்டிறைச்சியில் பாதி. எல்லாவற்றிலும் மிச்சம் வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். ஸ்லாத்தோகிராதில் என்ன நடந்தது தெரியுமா? அவள் நான்காவது கடைக்குள் நுழைவதற்குள் பரிசாரகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துவிட்டார்கள். அங்கிருந்தவன் வந்து மெதுவாகச் சொல்லுகிறான்: "அக்கா, மனசுல ஏதோ பாரம் இருக்கு போல. அந்த ஆம்பள ஒங்களுக்கு வேணாம்க்கா. விட்டுத்தள்ளுங்க. சாப்புடுங்க."

ஊரே சேர்ந்து அவளுக்கு ஆறுதல் சொல்லி, பழச்சாராயம் ராக்கியா ஊற்றிக்கொடுத்து, பாட்டுப் பாடி அனுப்பிவைத்தது. அவள் உண்மையைச் சொன்னாளா? இல்லை! அந்த இல்லாத காதலனுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தொழில் தர்மம் என்றால் அதுதான்! மறுநாள் ஸ்தாமென் அவளை அழைத்துவரப் போனபோது அவனுக்கு அந்த ஊரில் ஒருவரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

நானும் அவளும் மலையுச்சிப் பாதையில் நடந்தபோது கரடி வந்ததே, அதைச் சொல்லவா? இந்தத் தூண் உயரம். இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கிறது. நான் நெவியானாவை எனக்குப் பின்னால் தள்ளிவிட்டு...

யாரது? கோஸ்தாடினா? "போன வருஷம் சொன்னப்போ அது நாயா இருந்துச்சே மாமா!" ஒரு வருஷத்தில் வளர்ந்திருக்காதா? உட்கார் அப்பா.

சரி, மிங்கா மணியைத் தொட்டுவிட்டார். அந்தக் குற்றத்துக்கு வருகிறேன்.

அவையோரே! இரண்டாம் பதிப்பு. நெவியானாவும் நானும் மேல் ஆர்தாவின் கடைசிக் கிராமமான லெஷ்னிகோவோவுக்கு பஸ்ஸில் போனோம். வானம் பிளந்து கொட்டுகிறது மழை. அந்த பஸ் லெஷ்னிகோவோவில் நிற்பது ஓட்டுநர் ஒரு சிகரெட்டை இழுத்து முடிக்கும்வரைதான். இறங்கினால் அடுத்த பஸ் அடுத்த சனிக்கிழமை. அந்த ஊரில் ஒரே ஒரு தங்கும் விடுதி. கியூர்காவின் விடுதி. நெவியானா ஈரக் கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டுப் பார்க்கிறாள். ஜன்னல் பலகைகள் எல்லாம் சாத்தியிருக்கின்றன. கதவில் கறுப்புக் கட்டம் போட்ட சாவு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அதில் ஒரு முகம்.

நம் ஊர்க் கதவுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒருவர் போனால் ஒட்டுகிறோம். நாற்பதாம் நாள் ஒட்டுகிறோம். அரை வருஷம், ஒரு வருஷம், மூன்று வருஷம், பத்து வருஷம் என்று ஒட்டிக்கொண்டே இருக்கிறோம். எங்கள் தெருவில் உயிரோடு இருப்பவர்களைவிடக் கதவில் இருப்பவர்கள் அதிகம். நெவியானாவுக்கு இது தெரியாதா? தெரியும்! ஆனால் பஸ் ஜன்னலிலிருந்து தேதியைப் படிக்க முடியுமா? மழையில் முகம்தான் தெரிந்தது, கறுப்புக் கட்டம்தான் தெரிந்தது.

"விடுதிக்காரங்க போய்ட்டாங்க போல மாமா" என்றாள்.

"இறங்கிப் பாரு" என்றேன் நான்.

என்ன மிங்கா? "நீங்க குறட்டை விட்டுட்டிருந்தீங்கன்னு நெவி சொன்னா!" கண்ணை மூடிக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். யோசனையில் கொஞ்சம் சத்தம் வரும்.

ஓட்டுநர் சிகரெட்டை மிதித்து அணைத்தார். பஸ் கிளம்பிவிட்டது. நெவியானா எழுதினாள்: 'கியூர்காவின் விடுதி: மூடப்பட்டது.' ஒரே வார்த்தை. நம் தொழில் தெரிந்தவர்களே, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். பஸ் கிளம்பிவிடுமே என்ற அவசரத்தில், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை எழுதாதவர் இங்கே யாராவது உண்டா? மற்றவர்கள் செய்தால் அது சின்னத் தப்பு. நாம் செய்தால் அது அச்சில் ஏறுகிறது. அடுத்த பதிப்பு வரும்வரை ஊர் ஊராகப் போய் அதே தப்பைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்த முகம் யாருடையது? கியூர்காவின் கணவருடையது. மூன்றாம் வருஷ அறிவிப்பு! கியூர்கா அப்போது எங்கே இருந்தாள்? விடுதியின் பின்கட்டில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

புத்தகம் வெளிவந்தது. இதே மண்டபத்தில்தான் விழா. கையெழுத்து வாங்க வரிசை, இங்கிருந்து மரீட்சா ஆற்றுப் பாலம்வரை. வரிசையில் ஓர் அம்மா, தலையில் கட்டிய துணியும் கையில் புத்தகமுமாக நகர்ந்து நகர்ந்து வந்து நின்றாள். நெவியானா பேனாவைத் திறந்தாள்.

"யார் பேருக்கும்மா எழுதணும்?"

"செத்துப்போனவ பேருக்கு."

"புரியலையே அம்மா."

"லெஷ்னிகோவோ கியூர்கா. பக்கத்தைத் திருப்பிப் பாரு, நீயே கொன்னு வெச்சிருக்க." பிறகு அந்த அம்மா சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஜனங்க எங்க வாசல் வரைக்கும் வராங்க. பீன்ஸ் வாசனைய நின்னு மோந்து பாக்குறாங்க. அப்புறம் புத்தகத்தைப் பாக்குறாங்க. 'மூடியாச்சு'ன்னு இருக்கு. சொந்த மூக்கை நம்பாம ஒன் புத்தகத்தை நம்பித் திரும்பிப் போறாங்க. தட்டிருக்கலாமேம்மா? ஒரு தடவ தட்டிருந்தா, வந்து தொறந்திருப்பேனே?"

நெவியானா பேனாவை மூடினாள். மேசையிலிருந்து எழுந்தாள். நமக்கெல்லாம் ஒரு வழி தெரியும் அல்லவா? 'அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறோம்' என்று ஒரு கடிதம். அப்படிச் செய்தாளா?

மறுநாள் காலையே புத்தகக் கடைகளுக்குக் கிளம்பினாள். ஒவ்வொரு கடையிலும் அலமாரிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். விற்காமல் இருந்த ஒவ்வொரு பிரதியையும் எடுத்து, அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு, ஓரத்தில் கையால் எழுதினாள்: 'திறந்திருக்கிறது. பின்வாசலைத் தட்டவும்.'

கடைக்காரன் விடுவானா? "ஏம்மா, விக்கிற புத்தகத்துல கிறுக்கிட்டிருக்கியே, அறிவிருக்கா?"

"நான் எழுதின புத்தகம்ங்க."

"வரவங்கெல்லாம் இதையேதான் சொல்றாங்க. எழுந்திரு மொதல்ல."

ஒரு கடையில் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்த போலீஸ்காரர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க மாமனார் ஊருக்குப் போற பஸ்ஸு நேரமும் தப்பாத்தான் இருக்கு, அதையும் திருத்துங்க" என்றாராம். அது மட்டும் பொய். என் பஸ் நேரம் எதுவும் தப்பாக இருந்ததில்லை.

விற்காத பிரதிகள் சரி. விற்றுப்போன பிரதிகள்? அவற்றை எங்கே போய்ப் பிடிப்பது? கேளுங்கள் இதை! அந்தக் கோடை முழுக்கச் சனிக்கிழமைதோறும் லெஷ்னிகோவோ பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள் நெவியானா. பஸ்ஸிலிருந்து இறங்கும் யார் கையில் அந்தப் புத்தகத்தின் மஞ்சள் அட்டை தெரிந்தாலும் பாய்ந்து போய்ச் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்ளுவாள். "வாங்க, தொறந்திருக்கு, வாங்க!" ஒரு ஜெர்மன் குடும்பம் ஆள் கடத்தல் என்று நினைத்து அலறியது. இழுத்துக்கொண்டுபோய் மேசையில் உட்காரவைத்தாள். அவர்கள் பீன்ஸைச் சாப்பிட்டுவிட்டு அந்த வாரம் முழுக்கத் தங்கினார்கள். அடுத்த வருஷம் தங்கள் தெருவையே கூட்டிக்கொண்டு வந்தார்கள்!

அதற்குப் பிறகு அவள் எந்த ஊரிலும் பஸ் ஜன்னலிலிருந்து எழுதவில்லை. பஸ் போனால் போகட்டும். இறங்குவாள். முன்வாசலைத் தட்டுவாள். பின்வாசலைத் தட்டுவாள். பக்கத்து வீட்டைத் தட்டிக் கேட்பாள். இருட்டிவிட்டால் அந்த ஊரிலேயே படுத்துக்கொள்ளுவாள். நான் திட்டியிருக்கிறேன். "ஏ நெவியானா, ஜன்னல்ல சிலந்தி கூடு கட்டிருக்கு, கூரையில மரம் மொளைச்சிருக்கு, இதையும் தட்டணுமா?" என்றால், "சிலந்திகிட்டயாவது கேட்டுட்டு வரேன் மாமா" என்று போவாள். அப்படித் தட்டியதில்தானே, யாரும் இல்லை என்று ஊரே சொன்ன ஓர் ஆலையில், கம்பளிப் போர்வையை அருவித் தண்ணீரில் அடித்துத் துவைக்கும் இரண்டு சகோதரர்களைக் கண்டுபிடித்தாள்? இன்று அங்கே போய்ப் பாருங்கள். போர்வை வாங்க முன்பதிவு செய்ய வேண்டும்!

இப்போது ஆஸ்பத்திரி. அங்கேயும் கட்டிலை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். என்னைப் பார்த்ததும் சொன்னாள்: "ஜன்னலோரக் கட்டில்னு கேட்டு வாங்கணும் மாமா. சூப்பு ஆறிப்போய் வருது. நர்சுங்க தங்கம்." கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "லெஷ்னிகோவோ பஸ் இன்னும் சனிக்கிழமைதானா?" அதுதான் அவளுடைய கடைசி வார்த்தை.

என்ன ஸ்தாமென்? "கடைசியா சொன்னது 'ஜன்னல சாத்துங்க, குளுருது'ங்கிறதுதான் மாமா." அது வீட்டுக்காரனுக்குச் சொன்னது. இது எனக்குச் சொன்னது. இரண்டும் இருக்கட்டும்.

ஆனால் அவையோரே, நான் அதற்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? இந்த நாட்டின் பஸ்கள் எல்லாம் என்னைக் கேட்டுவிட்டுத் திரும்பும் என்று சொன்னேன் அல்லவா? "தெரியல நெவியானா. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன். அவள் சிரித்தாள். நான் தெரியாது என்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

இயக்குநர் ஐயா! இப்போது உங்களிடம் வருகிறேன். போன வாரம் உங்கள் அலுவலகம் மேல் ஆர்தா அத்தியாயத்தை, பஸ் விவரம் சரிபார்க்கச் சொல்லி, எனக்கு அனுப்பியது. அழகாக இருக்கிறது. என்னைவிட நல்ல நடை. படித்துக்கொண்டே வந்தேன். லெஷ்னிகோவோ வந்தது. நீங்களே உரக்கப் படியுங்கள் ஐயா, இதோ உங்களுக்கு முன்னால்தான் இருக்கிறது. வேண்டாமா? நான் படிக்கிறேன். 'கியூர்காவின் விடுதி: நிரந்தரமாக மூடப்பட்டது.'

யார் சொன்னது? எவரோ ஒரு பயணி குளிர்காலத்தில் முன்வாசலில் நின்று பார்த்துவிட்டு, செல்போனில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார். அவர் பெயர் தெரியாது, முகம் தெரியாது. தட்டினாரா? அதுவும் தெரியாது!

மூன்றாம் வரிசையில் பானையோடு உட்கார்ந்திருக்கும் அம்மா! கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்! பாருங்கள் அவையோரே! இதுதான் கியூர்கா! நாற்பதாம் நாளுக்கு ஐம்பது பேருக்குப் பீன்ஸ் சமைத்து, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்! சொல்லு கியூர்கா. ஒலிவாங்கி வேண்டாமா? சரி, அவள் சொல்லுவதை நான் சொல்லுகிறேன். "ரெண்டாவது தடவையா கொன்னுட்டீங்க. ரெண்டு சாவுக்கும் ஒரு பிடி கோதுமைகூட யாரும் வேகவைக்கல." சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் அடுத்து அவள் சொன்னது உங்களுக்குக் கேட்டதா? "மொதத் தடவ கொன்னவ திரும்பி வந்து தட்டினா. இந்தத் தடவ யார் வருவாங்க?"

யார் வருவார்கள்?

நான் கேட்கிறேன், யார் வருவார்கள்? அட்டையில் நெவியானா கராஜோவா என்று போட்டிருக்கும். உள்ளே கியூர்கா செத்திருப்பாள். அந்தப் பெயரைப் பார்த்து மலைக்குப் போகிறவன், பீன்ஸ் வாசனையை மோந்துவிட்டு, புத்தகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போவான். இது நடக்கலாமா? நடக்க விடுவோமா? ஒருக்காலும் விடமாட்டோம்!

சோலோவ் ஐயா, உங்களை நான் குறை சொல்லவில்லை. உங்களுக்குத் தேவை ஓர் அத்தியாயம். எங்களுக்குத் தேவை கொஞ்சம் நாள். அக்டோபர் கடைசியில் வரும் புனித திமிதர் நாள்வரை கொடுங்கள். மலையில் பனி விழுவதற்குள் முடித்துவிடுவோம். பல் பிடுங்கியவரும் பாட்டு முணுமுணுத்தவரும் பஸ் ஓட்டியவனுமாக இந்த மண்டபத்தில் இத்தனை பேர் இருக்கிறோம். பள்ளத்தாக்கை ஊர் ஊராகப் பிரித்துக்கொள்ளுவோம். ஒவ்வொரு கதவாகத் தட்டிவிட்டு வருவோம். ஊதியம் வேண்டாம், பஸ் கட்டணம் எங்களுடையது. என்ன சொல்லுகிறீர்கள்?

ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். கியூர்காவைப் பார்க்கிறார். பானையைப் பார்க்கிறார். "அச்சகத்துக்கு நான் என்ன சொல்றது மாமா?" என்கிறார். உண்மையைச் சொல்லுங்கள் ஐயா. ஆசிரியை இன்னும் ஊர் திரும்பவில்லை என்று சொல்லுங்கள்.

பாருங்கள்! தலையை இடமும் வலமும் ஆட்டுகிறார்! நம் நாட்டில் அப்படி ஆட்டினால் சம்மதம்! ஐயா சம்மதித்துவிட்டார்! கை தட்டுங்கள்! இல்லை, இல்லை, தட்டாதீர்கள். கையைச் சேமித்து வையுங்கள். தட்ட வேண்டிய கதவுகள் நிறைய இருக்கின்றன.

மிங்கா, மணியைக் கீழே வை. பேனாவை எடு. நீ எங்கே போகிறாய்? அணைக்கட்டுக்கு மேலே இருக்கும் ஊர்கள். சரி. முழங்கால் தாங்குமா? "ஒங்க நாக்கு தாங்கினா என் முழங்காலும் தாங்கும் மாமா." அப்படிப் பேசு! கோஸ்தாடின், உனக்குக் கடற்கரைதான் பழக்கம், ஆனாலும் ஆர்தா ஆற்றின் இடக்கரை உன்னுடையது. ஸ்தாமென், நீயும் எழுந்து நிற்கிறாயா? நீ நூலாசிரியன் இல்லையே அப்பா. "இருபத்தஞ்சு வருஷமா தலகாணிய மோந்து பாத்தவ கூட குடித்தனம் பண்ணிருக்கேன், எனக்குத் தெரியாதா?" சரி, வலக்கரை உன்னுடையது. ஒருவேளை ஸ்லாத்தோகிராத் வழியாகப் போனால், யாரென்று சொல்லிவிடாதே.

லெஷ்னிகோவோ என்னுடையது. அதை யாருக்கும் விட்டுத்தரமாட்டேன். இந்தச் சனிக்கிழமை பஸ் நிலையத்துக்குப் போகிறேன். பஸ் வந்தால் ஏறுவேன். வராவிட்டால் நடப்பேன். இந்த வயதில் அந்த ஏற்றத்தை ஏறி முடித்த மனிதன் பல்கேரிய வரலாற்றிலேயே ஒருவனும் கிடையாது. வழியில் கரடி வந்தாலும் சரி, நாய் வந்தாலும் சரி. கியூர்கா இதோ என் கண்ணெதிரே நிற்கிறாள், அவளுடைய விடுதி திறந்திருக்கிறது என்று அவளே சொல்லுகிறாள். ஆனாலும் நான் எழுதமாட்டேன்! அங்கே போய், முன்வாசலைத் தட்டிவிட்டு, பின்வாசலையும் தட்டிவிட்டு, அவள் வந்து திறந்த பிறகுதான் எழுதுவேன். நெவியானாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன் என்ற பதில் பாக்கி இருக்கிறது.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். கோதுமைக் கிண்ணத்தைச் சுற்றி அனுப்பு ஸ்தாமென். ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் போடுவதற்கு முன்னால் என்னோடு சேர்ந்து சொல்லுங்கள். போகாத ஊரை எழுதமாட்டோம். இறங்காத ஊரை எழுதமாட்டோம். தட்டாத கதவை மூடியது என்று எழுதமாட்டோம். கடவுள் அவளை மன்னிக்கட்டும். சாப்பிடுங்கள்.

ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். உள்ளே வரும்போது நம் சங்கத்தின் வாசல் கதவைப் பார்த்தீர்களா? கறுப்புக் கட்டத்துக்குள் நெவியானாவின் முகம், நல்ல படம், நான்தான் எடுத்தேன். இன்று நாற்பதாம் நாளுக்குப் புதிதாக ஒட்டியிருக்கிறோம். அரை வருஷத்துக்கு மறுபடி ஒட்டுவோம். பத்து வருஷத்துக்கும் ஒட்டுவோம். அந்தத் தெரு வழியாக பஸ் போகிறது. நம்மைப்போல அவசரத்தில் இருக்கும் யாராவது ஒருவர், மழை நாளில், ஈரக் கண்ணாடி வழியாக அந்த முகத்தைப் பார்ப்பார். இவர்கள் கதை முடிந்தது, மூடிவிட்டார்கள் என்று எழுதப்போவார்.

பஸ்ஸைவிட்டு இறங்கி வாருங்கள் ஐயா. தட்டிப் பாருங்கள்.

உள்ளேதான் இருக்கிறோம்.